ஜெர்மானியர்களின் ஆங்கிலத்தில் ஒரே தவறுகள் திரும்பத் திரும்ப வருவது ஏன்?

ஜெர்மனும் ஆங்கிலமும் ஒரே குடும்பத்து மொழிகள் ஆயிற்றே, பிறகு ஏன் தடுமாற்றம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நெருக்கமே பாதிக் காரணம். தம் மொழியின் வாக்கியத்தை அப்படியே பெயர்த்தால் போதும் என்று தோன்றிவிடுகிறது.

பெரிய கண்ணி காலம்தான். பெர்லினில் 3 ஆண்டுகளாக வசிப்பவர் ஜெர்மனில் அதை நிகழ்காலத்தில் சொல்வார். அதனால் ஆங்கிலத்திலும் ‘ஐ லிவ் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்கிறார். ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்பதே சரி. தொடங்கிய நாளுக்கும் கழிந்த காலத்துக்கும் ஜெர்மனில் ‘சைட்’ ஒன்றே போதும். ஆங்கிலம் ‘சின்ஸ்’, ‘ஃபார்’ என்று பிரிக்கிறது. தமிழிலும் ‘3 ஆண்டுகளாக இருக்கிறேன்’ என்றுதானே சொல்கிறோம்? நம்மவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

அலுவலகத்தில் வம்பை வளர்ப்பது ‘பிஸ்’ என்ற ஜெர்மன் சொல். வெள்ளிக்கிழமை வரை, வெள்ளிக்கிழமைக்குள் இரண்டுக்கும் அதுவே. ‘ஐ வில் சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே’ என்று எழுதினால் கெடு எது என்று படிப்பவர் குழம்புவார். ‘பை ஃப்ரைடே’ என்றே எழுத வேண்டும்.

‘திங்க்’ பலர் வாயில் ‘சிங்க்’ ஆகிறது, ‘திங்க்’கின் முதல் ஒலி ஜெர்மனில் இல்லை. அது பெரும்பாலும் புரிந்துவிடும். நான் அவசரமாகத் திருத்தச் சொல்வது ‘அன்டில்’ என்பதைத்தான்.