'நல்லா இருக்கு' என்கிறார்கள், ஆனால் வாங்குவதில்லை: விளம்பரம் செய்யலாமா, ஆள் போடலாமா?

கேள்வி: லேப்டாப் வைக்கும் முதுகுப்பைகளை நானே வடிவமைத்து, தைத்து விற்கிறேன். தொடங்குவதற்கு முன் நண்பர்கள், தெரிந்தவர்கள் என்று நூறு பேரிடம் ஆன்லைன் படிவம் அனுப்பி, 'இப்படி ஒரு பை வந்தால் வாங்குவீர்களா?' என்று கேட்டேன். பெரும்பாலானவர்கள் 'கண்டிப்பாக' என்றார்கள். இப்போது பார்ப்பவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள், வாங்குபவர்கள்தான் குறைவு. மாணவர்கள், அலுவலகம் போகிறவர்கள், பயணம் செய்பவர்கள் என எல்லோருக்கும் பொருந்துகிற பை இது. விளம்பரத்துக்குச் செலவழிப்பதா, விற்பனைக்கு ஆள் வைப்பதா?

பதில்: இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். யாருக்கு விற்கிறோம் என்று தெரியாமல் செய்கிற விளம்பரத்தில் காசுதான் கரையும்.

முதலில் அந்தப் படிவத்தைப் பார்ப்போம். 'வாங்குவீர்களா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்று சொல்ல யாருக்கும் எந்தச் செலவும் இல்லை. அதுவும் தெரிந்தவர்கள் என்றால், உங்கள் மனம் நோகக்கூடாது என்றே சொல்லிவிடுவார்கள். இனி நாளை என்ன செய்வார்கள் என்று கேட்காதீர்கள், இதுவரை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். இப்போது லேப்டாப்பை எதில் கொண்டு போகிறீர்கள்? அதை எப்போது வாங்கினீர்கள்? பழைய பை என்ன ஆனது? வேறு எதையெல்லாம் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்தீர்கள்?

அப்படிக் கேட்டால் இந்த மாதிரி ஒரு பதில் வரும்: 'ஜிப் போய்விட்டது, ஊக்கு மாட்டி ஆறு மாதம் ஓட்டினேன். ஒருநாள் மழையில் லேப்டாப் நனைந்தது. அன்று சாயங்காலமே புதுப் பை வாங்கிவிட்டேன்.' இந்த மூன்று வரிக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். ஆறு மாதமும் உங்களுக்குப் போட்டியாக இருந்தது வேறொரு கம்பெனியின் பை அல்ல, ஊக்கு மாட்டிய பழைய பைதான். அவரை வாங்க வைத்தது அழகோ நிறமோ இல்லை, பயம். முடிவெடுக்க ஆறு மாதம் தள்ளிப்போட்டவர், வாங்க ஒரே மாலைதான் எடுத்துக்கொண்டார். அந்த மாலையில் உங்கள் பை அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். 'வாங்குவீர்களா?' படிவத்தில் இது எதுவும் வந்திருக்காது.

எத்தனை பேரிடம் பேசுவது? கருத்துக்கணிப்பு என்றால், எழுந்தமானமாக, அதாவது ஆள் பார்க்காமல் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்த சுமார் 400 பேர் இருந்தால் முடிவு ஐந்து சதவீதம் முன்பின்னாக இருக்கும் என்று சொல்லலாம். 'எழுந்தமானமாக' என்பதுதான் அதில் முக்கியம். தெரிந்தவர்கள் நாலாயிரம் பேர் ஆனாலும் அந்தக் கணக்கு செல்லாது. உங்களுக்கு இப்போது தேவை சதவீதம் இல்லை, காரணம். கடந்த சில மாதங்களில் பை வாங்கிய, உங்களை அறியாத பத்துப் பதினைந்து பேரிடம் அரைமணி நேரம் பேசுங்கள். அடுத்தவர் என்ன சொல்வார் என்று முன்கூட்டியே தெரியத் தொடங்கினால் நிறுத்திக்கொள்ளலாம்.

எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது என்பதற்கு கோகோ கோலாவே சாட்சி. 1985-இல் சுவையை மாற்றுவதற்கு முன் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரிடம் சுவைத்துப் பார்க்கச் சொல்லிச் சோதித்தார்கள். புதிய சுவைக்கே ஆதரவு அதிகம். ஏப்ரலில் அறிமுகம் செய்தார்கள், எதிர்ப்பு தாங்காமல் ஜூலையிலேயே பழையதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எது ருசி என்று கேட்டார்களே தவிர, பழையது இனி கிடைக்காது என்றால் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்பதைச் சரியாக ஆராயவில்லை.

அடுத்தது 'எல்லோருக்கும் பொருந்தும்'. 1920-களில் ஃபோர்டு ஒரே மாடல் டி காரை எல்லோருக்கும் விற்றுக்கொண்டிருந்தபோது, ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன், செவ்ரலே முதல் காடிலாக் வரை வருமானத்துக்கு ஒன்றாகக் கார்களை அடுக்கினார். 1927-இல் மாடல் டி உற்பத்தியே நின்றுபோனது. சந்தையைப் பிரித்துப் பார்க்கும் இந்த வழிக்கு 1956-இல் வெண்டல் ஸ்மித் என்ற மார்க்கெட்டிங் ஆய்வாளர் எழுதிய கட்டுரைதான் 'செக்மென்டேஷன்' என்ற பெயரில் பாடப்புத்தகங்களில் இடம் பிடித்துக் கொடுத்தது.

ஆனால் வயது, வருமானம் என்று பிரிப்பது எளிதாக அளக்க முடிகிறது என்பதற்காகத்தான் பல நேரம் நடக்கிறது. உங்களுக்கு அது பெரிதாக உதவாது. இருபத்திரண்டு வயது மாணவரும் ஐம்பது வயது மேலாளரும் தினமும் மழையில் பைக்கில் போகிறவர்கள் என்றால், பை விஷயத்தில் இருவரும் ஒரே கூட்டம். சூழ்நிலையை வைத்துப் பிரியுங்கள்: மழையில் பைக் ஓட்டுபவர்கள், நெரிசலான ரயிலில் நின்றுகொண்டே போகிறவர்கள், மாதத்தில் பாதி நாள் விமானத்தில் இருப்பவர்கள். அப்புறம், பயன்படுத்துபவரும் பணம் கொடுப்பவரும் ஒருவர்தானா என்றும் பாருங்கள். மாணவரின் பைக்குக் காசு கொடுப்பது பெற்றோர் என்றால், மகனுக்கு முக்கியம் ஸ்டைல், அப்பாவுக்குப் பை நீண்ட நாள் உழைப்பது. ஒரே பேச்சு இருவரிடமும் எடுபடாது.

இவர்களில் ஒரு கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களை ஒரே இடத்தில் அணுக முடிய வேண்டும், தொழில் நடக்கிற அளவுக்கு ஆட்கள் இருக்க வேண்டும். மற்றவர்கள் வந்து கேட்டால் விற்காமலா இருப்பீர்கள்? விற்கலாம். பையின் வடிவமும் விளம்பர வாசகமும் மட்டும் அந்த ஒரு கூட்டத்துக்காக இருக்கட்டும்.

மார்க்கெட்டிங்கின் நோக்கமே விற்பனை முயற்சியைத் தேவையற்றதாக்குவது என்றார் நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர். கொஞ்சம் மிகையான பேச்சு, ஆனாலும் திசை சரி. முதல் ஐம்பது பைகளையாவது நீங்களே நேரில் விற்றுப் பாருங்கள். பையின் பெருமைகளை ஒப்பிக்காமல் வந்தவரைப் பேசவிடுங்கள். மழையைப் பற்றி அவர் வாயெடுத்தால், பையின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக் காட்டுங்கள். 'விலை அதிகம்' என்று சொன்னால் உடனே குறைத்துவிடாதீர்கள், 'எதோடு ஒப்பிடுகிறீர்கள்?' என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு விலை ஒரு சாக்குதான், உண்மையான தயக்கம் தையல் தாங்குமா என்பதாக இருக்கலாம். அப்படியானால் தள்ளுபடியைவிட ஒரு வருட உத்தரவாதம் நன்றாக வேலை செய்யும்.

எந்தப் பேச்சுக்குப் பிறகு காசு கைக்கு வருகிறது என்று குறித்து வையுங்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒரே காரணத்தைச் சொல்லி வாங்கத் தொடங்கிய பிறகு ஆள் வையுங்கள், அந்தக் குறிப்பேட்டை அவர் கையில் கொடுத்துவிடலாம். விளம்பர வாசகத்தையும் அதிலிருந்தே எடுக்கலாம்.