மகள் எழுந்து போன படம்

கேள்வி: எம்.ஆர்.ராதாவின் தீவிர ரசிகரான என் தந்தையின் நினைவாக, ‘ரத்தக்கண்ணீர்’ படத்தைக் குடும்பத்தோடு பார்த்தோம். செவிலியர் படிப்பு படிக்கும் என் மகள், “தொழுநோயாளிகளை இழிவுபடுத்தும் படத்தை எப்படி ரசிக்கிறீர்கள்?” என்று கேட்டுப் பாதியில் எழுந்து போய்விட்டாள். அன்று முதல் வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. யார் பக்கம் நியாயம்?

பதில்: உங்கள் மகள் சொன்னதில் பெரும்பகுதி சரி என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். மனைவி சந்திராவைக் கைவிட்டுக் காந்தாவிடம் போன மோகனுக்கு (ராதா ஏற்ற பாத்திரம்) தொழுநோய் வருவதை, அவன் நடத்தைக்குக் கிடைத்த தண்டனையாகவே படம் காட்டுகிறது. ஆனால் அது ஒரு கிருமியால் வருவது என்பதை நார்வே மருத்துவர் ஹேன்சன் 1873-லேயே கண்டறிந்துவிட்டார். ஒழுக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1954-ல் படம் வெளியானபோது, சென்னைக்கு அருகே செங்கல்பட்டில் டாப்சோன் மருந்தால் இந்நோய்க்குச் சிகிச்சை அளிக்கப்பட்டு வந்தது. திரையிலோ மோகனுக்கு மீட்சியே இல்லை. ‘அடியே காந்தா’ என்று அந்தக் குரலில் பேசிக் காட்டி நாம் சிரித்த காலமெல்லாம், நோயுற்றவர்கள் அதைக் கேட்டபடிதான் வாழ்ந்தார்கள் என்பது எனக்கும் பிந்தித்தான் உறைத்தது.

இந்த அச்சம் திரையோடு நின்றுவிடவும் இல்லை. அடுத்த ஆண்டே வந்த இந்து திருமணச் சட்டம், தீராத கடும் தொழுநோயை மணமுறிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. 2019-ல்தான் அது நீக்கப்பட்டது. ஆகவே உங்கள் மகளின் கோபத்தை இளம் வயதின் வேகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அப்படியானால் உங்கள் தந்தை ரசித்தது தவறா? இல்லை என்றே உறுதியாக நம்புகிறேன். திருவாரூர் கே.தங்கராசுவின் நாடகமாக மேடையில் பலகாலம் நடித்துப் பழகிய பாத்திரத்தை, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் ராதா திரைக்குக் கொண்டுவந்தபோது, முற்பாதியின் செருக்கும் பிற்பாதியின் கரகரத்த புலம்பலும் ஒரே மனிதனிடமிருந்து வருவதை நம்மை நம்பவைத்தார். தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாம் கடந்துபோகும் ஒருவரை, நெடுநேரம் நேருக்கு நேர் பார்க்கவும் அவர் பேசுவதைக் கேட்கவும் வைத்தது அந்த நடிப்பு. எல்லாவற்றையும் விட, தன் மனைவியை மணந்துகொள்ளும்படி நண்பன் பாலுவிடம் மோகனே கேட்கும் கட்டம் இருக்கிறதே, பெண்ணின் மறுமணத்தைக் கணவனே முன்மொழியும் அந்தத் துணிச்சலுக்கு இணையாக அக்காலப் படங்களில் எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை. சந்திராவைப் பெரும்பாலும் அழவே விட்டிருக்கிறார்கள் என்ற குறை எனக்கு உண்டு. ஆனால் அந்த ஒரு கட்டம் அவளுக்காக எழுதப்பட்டது.

மகளிடம் நீங்களே போய், “நோயைப் பற்றி நீ சொன்னது சரி” என்று சொல்லுங்கள். அதோடு “ஆனால்” என்று எதையும் சேர்க்க வேண்டாம். இந்நோய் எப்படித் தொடங்குகிறது, உணர்ச்சியற்ற தேமல் என்றால் என்ன, கூட்டு மருந்துச் சிகிச்சையில் எத்தனை மாதங்களில் குணமாகிறது என்று கேளுங்கள். அவள் படிப்பு அது, மகிழ்ந்து சொல்வாள். பிறகு வேறொரு நாள், அவள் பார்க்காமல் போன பிற்பாதியிலிருந்து பாலுவிடம் மோகன் பேசும் அந்தக் கட்டத்தை மட்டும் சேர்ந்து பார்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். தாத்தா அதை எதற்காக அத்தனை முறை பார்த்தார் என்பதையும் அப்போது அவளுக்குச் சொல்லுங்கள்.