சூர்ப்பணகையின் தோட்டம்

வணக்கம்.

தெலுங்கு எழுத்தாளர் ஓல்கா ராமாயணப் பெண்களை வைத்து எழுதிய ‘மீட்சி’ சிறுகதைத் தொகுப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் வாங்கினேன். முதல் கதையிலேயே நின்றுவிட்டேன். மூக்கையும் காதையும் அறுத்தவர்கள் அயோத்தியில் ராஜாவாக இருக்கிறார்கள். அறுபட்ட சூர்ப்பணகை காட்டில் பூச்செடி வளர்த்து நிம்மதியாகிவிடுகிறாள். பெண்களைச் சமாதானப்படுத்தி உட்கார வைக்கும் பழைய வேலைதானே இது? அவளுடைய கோபம் எங்கே போயிற்று? பெண் என்றாலே இயற்கை, பூமி, பொறுமை என்று பேசுவது எனக்கு அலுத்துவிட்டது.

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

கோபம் கதையில்தான் இருக்கிறது. சீதையிடம் சூர்ப்பணகை தன் பழைய நாட்களைச் சொல்லும் இடத்தை மறுபடி படித்துப் பாருங்கள். அழகான எதைக் கண்டாலும் சிதைக்கத் தோன்றியது, பூக்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்கிறாள். இந்தத் தோட்டத்தை நேசிப்பதற்குத் தனக்குள்ளேயே பெரிய போர் நடத்த வேண்டியிருந்தது என்கிறாள். நீங்கள் தேடும் கோபம் அந்தப் போரில் இருக்கிறது. ஓல்கா அதைக் கத்திச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவள் என்ன செய்து மீண்டாள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காட்டில் உயிர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். எது அழகு, எது கோரம் என்று மனிதர்கள் போட்ட கோடு அங்கே எங்கும் இல்லை என்பது மெல்ல மெல்லப் பிடிபடுகிறது. அப்புறம் கைகள். முகம் போனவளுக்குக் கைகள் மிச்சம் இருக்கின்றன. மண்ணைக் கிளறி, செடி நட்டு, தண்ணீர் ஊற்றும் கைகள். அதுவரை அவள் உடம்பு பிறர் பார்ப்பதற்கான ஒன்றாக இருந்தது. தோட்டத்தில் அது வேலை செய்யும் உடம்பாகிறது. உங்களுக்கு அலுத்துப்போன ‘பெண்ணே பூமி’ பேச்சில் பெண் சும்மா கிடப்பாள், மற்றவர்கள் உழுவார்கள். இங்கே மண்வெட்டி அவள் கையில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை.

நம் கம்பனையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். வால்மீகியின் சூர்ப்பணகை ராமன் முன் தன் சொந்த உருவத்தோடுதான் வந்து நிற்கிறாள். கம்பன்தான் அவளை அழகியாக வேடமிட்டு நடக்கவிடுகிறான். ‘பஞ்சி ஒளிர்’ என்று தொடங்கும் அந்தப் பாட்டு பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் மனப்பாடம் செய்தது. அவ்வளவு அழகான நடையைக் கொடுத்த அதே கம்பன், வால்மீகியில் மூக்கோடும் காதோடும் நின்ற கத்தியை முலைக்காம்பு வரை கொண்டுபோகிறான். அதன் பிறகு ராவணனைத் தூண்டிவிடுவதோடு அவள் வேலை முடிந்துவிடுகிறது. போர் முடிந்தது, பட்டாபிஷேகம் ஆனது, அவள் என்ன ஆனாள் என்று கேட்பாரில்லை. ஓல்கா கேட்டார்.

கேட்டதோடு நிற்காமல் சீதையை அவளிடம் அனுப்பிவைத்தார். பிள்ளைகள் ஒரு தோட்டத்திலிருந்து பூக்களோடு வந்து, அங்கே இருக்கும் கோரமான பெண்ணைப் பற்றிச் சொல்கிறார்கள். அது யார் என்று சீதைக்குப் புரிந்துவிடுகிறது. அவளைத் தேடிப் போகிறாள். ஒருத்தி முகம் அறுக்கப்பட்டவள், இன்னொருத்தி கர்ப்பத்தோடு காட்டில் விடப்பட்டவள். இருவருக்கும் இதைச் செய்தது ஒரே வீடு. ராமாயணம் முழுக்க ஆண்கள் ஒருவரை ஒருவர் சந்தித்துக் கூட்டணி போடுகிறார்கள். குகன், சுக்ரீவன், விபீஷணன் என்று அந்த வரிசை நீளம். இந்தப் பெண்கள் இருவரும் உட்கார்ந்து பேச மட்டும் இடமே இல்லை. அந்த இடத்தை ஓல்கா ஒரு தோட்டமாகக் கட்டித் தந்தார். பிள்ளைகள் நகரத்துக்குப் போனபின் என் தாய் பூமியிடம் போவேன் என்று சீதை சொல்லும்போது, உன் தாய் இங்கே இல்லையா என்று தோட்டத்தைக் காட்டிக் கேட்கிறாள் சூர்ப்பணகை. பூமி பிளந்து உள்ளே போவதுதான் சீதைக்கு ஒரே வழி என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தக் கதையை யாருக்கும் பரிந்துரைப்பேன்.

தொகுப்பில் எல்லாக் கதையும் இதே உயரத்தில் இல்லை. அகல்யை வரும் கதையில் பேச்சு அதிகம், சில இடங்களில் கதாபாத்திரங்கள் வாதம் செய்வதற்காகவே வந்த மாதிரி இருக்கிறது. அகல்யையும் சீதையும் சந்திப்பதை புதுமைப்பித்தன் ‘சாபவிமோசன’த்தில் ஏற்கெனவே சில வரிகளில் எழுதிவிட்டதால் எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. 2015இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்த தொகுப்பு என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே மாதிரி பாராட்ட வேண்டியதில்லை.

ஆனால் ரேணுகையின் கதையைத் தவறவிடாதீர்கள். கற்பின் பலத்தால் மணலில் குடம் வனைந்தவள், ஒரு கணம் மனம் சலித்ததும் குடம் உடைந்தது, மகனே தலையை வெட்டினான் என்பது நமக்குத் தெரிந்த கதை. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் போவது இந்தக் கதையை ஒட்டித்தான். வெட்டிய தலையைக் கும்பிட நமக்குத் தெரிகிறது. அந்தத் தலை பேசினால் என்ன சொல்லும்? ஓல்காவின் ரேணுகை பேசுகிறாள். மணல் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கணவனும் மகனும் ஒரு பெண்ணுக்கு எதற்கு என்று நேராகவே கேட்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கும் சீதைக்கே அது பிடிப்பதில்லை.

அதைப் படித்துவிட்டு எழுதுங்கள். கோபம் போதவில்லை என்று அப்போதும் சொல்வீர்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையாகவே ஆசை.

அன்புடன்.