புகைமூட்டமா, அடைமழையா: பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவா, வேண்டாமா?

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். காலை ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தால் கேள்வி என்னவென்று எடுப்பதற்கு முன்பே தெரியும்: "டீச்சர், இன்னிக்கு அனுப்பவா, வேணாமா?" இந்தத் தடவை கேள்விகளை முன்கூட்டியே அனுப்பச் சொன்னேன். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. மருந்தைப் பற்றி உங்கள் மருத்துவர் சொல்வதுதான் பேச்சு.

செங்காங், ஒரு தாயார்: தொடக்கநிலை 2 படிக்கும் மகனுக்கு ஆஸ்துமா. புகைமூட்டம் (காட்டுத்தீப் புகை) வந்தால் பிஎஸ்ஐ (காற்றுமாசுக் குறியீடு) எத்தனையைத் தாண்டினால் வீட்டில் நிறுத்தலாம்? கணவர் 100 என்கிறார். மாமியார், புகை வாடை அடித்தாலே அனுப்பாதே என்கிறார்.

பாதிக்குப் பாதி நான் உங்கள் மாமியார் கட்சி. காரணம் சொல்கிறேன்.

நாம் பார்க்கும் பிஎஸ்ஐ கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. 50 வரை நன்று, 100 வரை மிதம், 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்றது, 201 முதல் 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது, அதற்கு மேல் அபாயம். நேற்றுப் பகலெல்லாம் காற்று சுத்தமாக இருந்து, விடியற்காலை மூன்று மணிக்குப் புகை வந்து இறங்கினால், ஆறு மணிக்கு உங்கள் கைப்பேசி இன்னும் 85 என்றுதான் காட்டும். பிள்ளை இழுக்கப்போவதோ இப்போதைய காற்றை. அதனால் காலையில் பார்க்க வேண்டியது, தேசியச் சுற்றுப்புற வாரியம் மணிக்கு மணி வெளியிடும் பிஎம் 2.5 அளவு. நுரையீரலின் அடிவரை போகிற நுண்துகளின் கணக்கு அது. 55 வரை வழக்கமான நாள். 56 முதல் 150 வரை சற்றே உயர்வு, 151ஐத் தொட்டால் உயர்வு, 250க்கு மேல் மிக உயர்வு. ஐந்து வட்டாரங்களுக்கும் தனித்தனி எண் வரும். உங்கள் வீடு ஒரு வட்டாரத்தில், பள்ளி இன்னொரு வட்டாரத்தில் என்றால் இரண்டையும் பாருங்கள்.

இது மறுபக்கமும் வேலை செய்யும். நேற்றைய புகை கலைந்து காற்று தெளிந்த பிறகும் பிஎஸ்ஐ 120 என்று நின்றுகொண்டிருக்கும். உங்கள் கணவர் சொல்லும் 100ஐ மட்டும் பிடித்துக்கொண்டால், அனுப்பக்கூடிய நாளில் நிறுத்திவிட்டு, நிறுத்த வேண்டிய நாளில் அனுப்பிவிடுவீர்கள்.

எண்ணை விட்டுவிட்டுப் பிள்ளையையும் பாருங்கள். ராத்திரி இருமி எழுந்தானா? உடனடி நிவாரணத்துக்கான நீல இன்ஹேலரை வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்கிறானா? பேசும்போது நடுவில் மூச்சு வாங்குகிறானா? மூன்றில் ஒன்று இருந்தாலும் எண் எதுவாக இருந்தாலும் வீட்டில் வையுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். எதுவும் இல்லை, எண்ணும் சுமார்தான் என்றால் அனுப்புங்கள். வகுப்பறைகளில் இப்போது காற்றுச் சுத்திகரிப்பான் இருக்கிறது. புகை வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு அதை ஓடவிடுவார்கள், உடற்கல்வி வெளியில் நடக்காது. ஜன்னலைத் திறந்து போட்டுச் சமைக்கிற வீட்டைவிட அந்த வகுப்பறை மேல்.

இன்னொன்று. இன்ஹேலரும் அதில் பொருத்தும் குழாயான ஸ்பேசரும் பள்ளிப்பையில் இருக்கட்டும், எப்போது எத்தனை அழுத்து என்று ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். என் வகுப்பில் ஒரு பையன் பையில் இன்ஹேலர் இருந்தது. எடுத்துப் பார்த்தால் காலாவதியாகி எட்டு மாதம். அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு தவணையின் முதல் நாளிலும் நான் தேதி பார்ப்பேன். நீங்களும் இன்றைக்கே பாருங்கள்.

தெம்பனிஸ், இரு பிள்ளைகளின் தந்தை: 2015இல் புகைக்காகப் பள்ளிகளை மூடினார்களே, இனியும் அப்படி மூடுவார்களா?

அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. செப்டம்பர் 24, வியாழக்கிழமை, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. மறுநாள் தொடக்க, உயர்நிலைப்பள்ளிகள் இயங்காது என்று அன்றைக்குத்தான் கல்வி அமைச்சு அறிவித்தது. காலையில் தாழ்வாரக் கம்பியில் விரலை வைத்து இழுத்தால் சாம்பல் ஒட்டியது, நுனி கறுத்தது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2013 ஜூன் 21இல், மூன்று மணி நேரச் சராசரி பிஎஸ்ஐ 401ஐத் தொட்டது. ஆனால் அது ஜூன் விடுமுறை, பள்ளி மூடும் கேள்வியே எழவில்லை. மறுநாளுக்கான முன்னுரைப்பு 300ஐத் தாண்டினால்தான் மூடுவதைப் பற்றி யோசிப்பார்கள். அதனால் 140க்கும் 180க்கும் அறிவிப்பு வரும் என்று கைப்பேசியை வெறித்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்த நாள்களில் முடிவு உங்கள் கையில்.

இங்கே பள்ளியை மூடுவது லேசில் நடக்காது. 2003இல் சார்ஸ் நோய்க் காலத்தில் மூடினார்கள். திறந்த பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு வெப்பமானியோடு வந்து உட்கார்ந்தார்கள், வாயில் வைத்துக்கொண்டு பேச முயன்றதில் பாதி கீழே விழுந்து உடைந்தன. 2020 ஏப்ரல் 8இல் எல்லாரும் முழுநேரமும் வீட்டிலிருந்தபடி கற்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு மே மாதக் கடைசியிலும் சில நாள் அப்படி நடந்தது. ஆக நோய்க்கு மூன்று முறை, புகைக்கு ஒரு முறை. மழைக்கு நாடு முழுக்க மூடியது என் வேலைக்காலத்தில் ஒரு நாள்கூட இல்லை.

ஈசூன், தொடக்கநிலை 1 மாணவியின் தாயார்: நடந்தே போகிற தூரம்தான். காலையில் பேய்மழை, இடி. தாமதமானால் திட்டுவார்களோ என்று நனைந்துகொண்டே கூட்டிப்போகிறேன்.

போகாதீர்கள். அந்த விடியற்காலை மழைக்கு சுமத்ரா என்றே பெயர். மலாக்கா நீரிணையைத் தாண்டி வரிசையாக வரும் இடிமேகம், பலத்த காற்றோடு வரும், பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். பள்ளி தொடங்குவது ஏழரை மணிக்கோ அதற்குப் பிறகோ. இடி அடங்கும் வரை அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நின்றுவிட்டு எட்டு மணிக்குப் போங்கள். அலுவலகத்தில் ஒரு வரி சொன்னால் புரிந்துகொள்வார்கள். திறந்தவெளித் திடலைக் குறுக்கே கடக்க வேண்டாம், மரத்தடியில் ஒதுங்கவும் வேண்டாம். பையில் ஒரு ஜோடி காலுறை கூடுதலாக வைத்துவிடுங்கள். ஈரக் காலுறையோடு வகுப்பில் உட்காருகிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது.

டிசம்பர், ஜனவரி பருவமழை வேறு விஷயம், அது விடாமல் நாள்கணக்கில் பெய்யும். அதற்கும் பள்ளி உண்டு. குடை எடுங்கள்.

புக்கிட் பாஞ்சாங்: மகளுக்குக் காலையில் 38. பாராசிட்டமால் கொடுத்தால் இறங்கிவிடுகிறது. அனுப்பலாம்தானே? எனக்கு அன்று முக்கியமான கூட்டம்.

அனுப்பாதீர்கள். உங்கள் சங்கடம் புரிகிறது, ஆனால் இந்தக் கணக்கு எங்களுக்குத் தெரிந்த கணக்கு. ஆறரைக்குக் கொடுத்த மருந்து பத்தரை மணி இடைவேளையில் வேலையை நிறுத்தும். அதுவரை விளையாடிய பிள்ளை உணவகத்தில் மேசைமேல் தலை சாய்க்கும், கண் ஓரம் சிவந்திருக்கும், "அம்மா காலையில பிங்க் மருந்து கொடுத்தாங்க" என்று தானே சொல்லிவிடும். அப்புறம் உங்களைக் கூப்பிடுவோம், எப்படியும் கூட்டத்தின் நடுவில்தான் எழுந்து வருவீர்கள். அதற்குள் பக்கத்து நாற்காலிக்காரனுக்கும் ஒட்டியிருக்கும்.

மருந்து இல்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்தால் அனுப்பலாம். கை, கால், வாய்ப்புண் நோய் என்றால் கொப்புளம் காய்ந்து, மருத்துவர் கொடுத்த விடுப்பும் முடிந்திருக்க வேண்டும்.

ஜூரோங் வெஸ்ட், கணவன் மனைவி இருவரும் வேலை: பணிப்பெண் இல்லை, தாத்தா பாட்டி ஊரில். திடீரென்று பிள்ளையை நிறுத்தினால் யார் பார்ப்பது?

பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்து ஏழு வயதுக்குள் என்றால், தாய்க்கு ஆண்டுக்கு 6 நாள், தகப்பனுக்கு 6 நாள் சம்பளத்துடன் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஏழிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஆளுக்கு 2 நாள். எத்தனை பிள்ளைகள் என்பதைப் பொறுத்துக் கூடாது. பல வீடுகளில் அம்மாவின் நாள்கள் மார்ச் மாதமே தீர்ந்துவிடும், அப்பாவின் நாள்கள் டிசம்பர் வரை தொடாமல் கிடக்கும். கேட்டால், "ஆபீஸ்ல எப்படிங்க கேக்கறது?" கேளுங்கள் ஐயா, சட்டம் கொடுத்ததுதான்.

ஜூலை முதல் அக்டோபர் வரை புகைக்காலம். அதற்காக ஆளுக்கு ஒரு நாளாவது மிச்சம் வையுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) இல்லாமல், புகைக்குப் பயந்து நிறுத்தினால் பெற்றோர் கடிதம் போதுமா?

பெரும்பாலான பள்ளிகள் பெற்றோர் கடிதத்தை ஆண்டுக்குச் சில நாள் வரை ஏற்கும். எத்தனை நாள் என்பது பள்ளிக்குப் பள்ளி வேறு, மாணவர் கையேட்டில் இருக்கும். மதிப்பீடோ தேர்வோ உள்ள நாளுக்கு மட்டும் எம்சி வாங்கிவிடுங்கள். பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழித் தேர்வு நாளில் உடம்பு சரியில்லை என்றால் முதலில் பள்ளிக்கு அழையுங்கள், அடுத்து மருந்தகத்துக்குப் போங்கள்.

கடிதத்தில் உண்மையை எழுதுங்கள். "புகைமூட்டம், மகனுக்கு மூச்சுத்திணறல் வரும், வீட்டில் வைத்துக்கொள்கிறேன்." இது போதும். "வயிற்றுவலி" என்று எழுதிவிட்டு, மறுநாள் பிள்ளை வகுப்பில் "நேத்து நான் வீட்டுல கேம் விளையாடினேன்" என்று கதை சொல்லும்போது எங்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

டொரொன்டோவுக்குப் போகவிருக்கும் ஒருவர்: ஜனவரியில் குடும்பத்தோடு குடிபெயர்கிறோம். பனிநாளில் பள்ளி இருக்காதாமே?

என் தங்கை டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறாள், அவள் பிள்ளைகளை வளர்த்த கதையிலிருந்து சொல்கிறேன். பனி கொட்டினால் அங்கே முதலில் நிறுத்துவது பள்ளிப் பேருந்தை. பேருந்து இல்லை என்றால் பள்ளி இல்லை என்று நாமாக முடிவு செய்யக் கூடாது, பல நாள்களில் கட்டடம் திறந்தேதான் இருக்கும். விடியற்காலையில் அறிவிப்பு வரும். கூட்டிப்போவதா வேண்டாமா என்பது பெற்றோர் விருப்பம். நிறுத்தினால் பள்ளிக்குக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை எங்கே என்று தேடி அழைப்பார்கள்.

என் தங்கை முதல் குளிர்காலத்தில் பயந்து பயந்து எல்லா நாளும் நிறுத்தினாள். அப்புறம் அவளுக்கே பிடிபட்டது: பிள்ளையை வதைப்பது பனியைவிட, நனைந்த கையுறை. இரண்டு ஜோடி வாங்குங்கள், நீர் புகாததாக. நம்மூர் ஸ்வெட்டரை நம்பிப் போகாதீர்கள்.

இப்போது பனிநாள் என்பதே மாறிவருகிறது. நியூயார்க் நகரத்தில் 2024 பிப்ரவரி 13 அன்று பனிப்புயல். விடுமுறை விடாமல் வீட்டிலிருந்தே வகுப்பு என்றார்கள். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் நுழையப் போய், பலருக்குக் கணினி உள்ளேயே விடவில்லை. 2020இல் நம் பிள்ளைகள் மாணவர் கற்றல் தளத்தின் முன் உட்கார்ந்து "டீச்சர், சுத்திக்கிட்டே இருக்கு" என்று அழுதது எனக்கு ஞாபகம் வந்தது.

பொங்கோல்: டிசம்பரில் ஹொக்கைடோவுக்குப் பனி பார்க்கப் போகிறோம். ஜனவரி முதல் வாரம் திரும்பினால் டிக்கெட் பாதி விலை. மூன்று நாள்தானே?

முதல் மூன்று நாளில்தான் இருக்கை, புத்தகம், புது நண்பன் எல்லாம் முடிவாகும். தொடக்கநிலை 1 என்றால் கண்டிப்பாக வேண்டாம். மற்ற வகுப்பு என்றாலும் உல்லாசப் பயணத்துக்குப் பள்ளி பொதுவாக அனுமதி தராது. பனிப்புயலில் விமானம் ரத்தாகித் தாமதமானால் அது வேறு, விமான நிறுவனத்தின் செய்தியைக் காட்டுங்கள். டிக்கெட் வாங்கும்போதே ரத்தாக வைக்கிற வித்தை எனக்குத் தெரியாது.

உட்லண்ட்ஸ்: அறுவைச் சிகிச்சை முகக்கவசம் புகைக்குப் போதுமா? ஆவி பிடிக்கச் சொல்லலாமா?

அந்த முகக்கவசம் நுண்துகளைச் சரியாகத் தடுக்காது. ஆவி புகையை வெளியேற்றாது, கொதிநீர் கவிழ்ந்து வெந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும்.

அங் மோ கியோ, ஒரு பாட்டி: பேரன் தொடக்கநிலை 3. மழை பெய்கிற திங்கட்கிழமை வந்தால் வயிற்றுவலி என்கிறான். மருத்துவர் ஒன்றுமில்லை என்கிறார். மகள் அடித்துத் துரத்துகிறாள், எனக்கு மனசு கேட்கவில்லை.

பாட்டி, நீங்கள் மழையையும் சேர்த்துக் கவனித்தீர்களே, அது பெரிய விஷயம். திங்கட்கிழமை கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள். எனக்கு இப்படி ஒரு பையன் இருந்தான். திங்கட்கிழமை முதல் வகுப்பு உடற்கல்வி. மழை பெய்தால் அது ரத்தாகி, அந்த நேரத்தில் ஆங்கிலச் சொல்வதெழுதுதலை முன்னுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அவனுக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியும், நாங்கள் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆனது. அதுவரை எல்லாரும் சோம்பேறி என்றுதான் சொன்னோம், நானும்தான்.

அடிக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். அன்றைக்கு வீட்டிலும் நிறுத்த வேண்டாம். ஞாயிறு சாயங்காலம், மழை இல்லாத நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்காரவைத்து, "நாளைக்கு முதல் வகுப்புல என்ன நடக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.