லேப்டாப்பில் கேமராவையே காணவில்லை: கடற்காற்றுதான் காரணமா?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் புதுச்சேரியில் ஒரு கடையில் மகளுக்கு லேப்டாப் வாங்கினோம். ஓராண்டு வாரண்டி இருக்கிறது. வேலைக்கான நேர்காணல்கள் இணையவழியில் நடக்கும் இந்த நேரத்தில், 'கேமரா இல்லை' என்று திரையில் வருகிறது. கடைக்காரர் போனிலேயே, "கடற்காற்றில் உப்புப் பிடித்திருக்கும், வாரண்டியில் வராது" என்று சொல்லிவிட்டார். திருப்பாதிரிப்புலியூரில் பழுது பார்ப்பவர் ஒருவர், திரையையே மாற்ற வேண்டும் என்கிறார். வாங்கிய இடம் தமிழ்நாட்டுக்கு வெளியே என்பதால், புகார் கொடுப்பதானாலும் அங்கேதான் அலைய வேண்டுமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இருவரும் சொன்னதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். லேப்டாப்பைத் திறந்து பார்க்காமல் சொன்ன காரணத்துக்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். படம் கறுப்பாக வருகிறதா, அல்லது கேமராவே இல்லை என்று வருகிறதா? கறுப்பாக வந்தால், கேமராவின் மேல் உள்ள சிறு மூடியை யாரோ நகர்த்தியிருக்கலாம். கேமராவே இல்லை என்றால் சங்கதி வேறு. பல மாடல்களில் விசைப்பலகையின் மேல்வரிசையில், குறுக்குக்கோடு போட்ட கேமரா படத்துடன் ஒரு விசை இருக்கும். சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் இருக்கும். அது தவறுதலாக அழுந்தினால் கேமராவின் இணைப்பே துண்டிக்கப்பட்டு, கணினியின் பட்டியலிலிருந்தும் மறைந்துவிடும். இதைப் பழுது என்று எண்ணிப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அது இல்லையென்றால், ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'கேமராஸ்' என்ற தலைப்பைத் தேடுங்கள். கேமராவின் பெயர் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அது முடக்கப்பட்டிருக்கிறது. வலது கிளிக் செய்து இயக்கிவிடலாம். மஞ்சள் முக்கோணம் இருந்தால் பெரும்பாலும் டிரைவர் (கேமராவை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) கோளாறு. 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, கணினியை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். விண்டோஸ் பெரும்பாலும் தானே டிரைவரை மறுபடி நிறுவிக்கொள்ளும். செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் கேமராவுக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். பயாஸ் (விண்டோஸ் தொடங்கும் முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்பிலும் கேமராவை அணைத்து வைக்கும் வசதி சில மாடல்களில் உண்டு.

டிவைஸ் மேனேஜரில் 'கேமராஸ்' தலைப்பே இல்லையென்றால் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். உள்ளே இருக்கும் கேமராவும் பெரும்பாலும் யூ.எஸ்.பி. கருவிதான், மெல்லிய கம்பி ஒன்று திரையின் கீல் வழியாக வந்து மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகையில்) சேர்கிறது. திறந்து மூடித் திறந்து மூடி அந்த இடம் தேயும், இணைப்பு தளரும். லேப்டாப்பை இயக்கத்தில் வைத்துக்கொண்டு திரையை மெல்ல முன்னும் பின்னும் சாயுங்கள். பென்டிரைவ் செருகும்போது கேட்கும் அதே ஒலி கேட்டு, கேமரா வந்து வந்து மறைந்தால் கம்பிதான் காரணம். அதைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். இன்னும் உறுதி வேண்டுமா? விண்டோஸைப் போன்ற, ஆனால் இலவசமான இயங்குதளமான உபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கலாம். அங்கும் கேமரா தெரியாவிட்டால் விண்டோஸ்மேல் பழி போட முடியாது.

திரையையே மாற்ற வேண்டும் என்பது எல்லா மாடலுக்கும் பொருந்தாது. பொதுவாகக் கேமரா, திரையின் மேல்விளிம்பில் உள்ள தனிச் சிறு பலகை. அதையோ கம்பியையோ மட்டும் மாற்றலாம். தொடுதிரை உள்ள சில மாடல்களில்தான் முழுத் தொகுப்பாக மாற்றச் சொல்வார்கள். எதுவானாலும் வாரண்டி முடியும்வரை வெளியாள் யாரையும் கழற்ற விடாதீர்கள். அதையே காரணம் காட்டி நிறுவனம் மறுத்துவிடும்.

உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும் என்பது உண்மை. கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல வாரண்டி விதிகள் அரிப்பை விலக்கி வைப்பதும் உண்மை. ஆனால் போனில் பேசியவருக்கு உள்ளே அரிப்பு இருப்பது எப்படித் தெரியும்? மற்ற இணைப்புகள் எல்லாம் வேலை செய்ய, கேமராவை மட்டும் உப்புத் தின்றது என்றால் அதை அவர்கள் காட்டட்டும். நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் நேரடியாகக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் மகளின் கோப்புகளை நகலெடுத்து வையுங்கள். ஒப்புகைச் சீட்டில் 'கேமரா கண்டறியப்படவில்லை' என்று எழுதி வாங்குங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்திலும், அரித்த பாகத்தைப் படமாகவும் கேளுங்கள். வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள்.

அதன் பிறகும் நியாயம் கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை. அடுத்த படி நுகர்வோர் ஆணையம். இதற்காகப் புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 34-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பில், ஒப்புகைச் சீட்டு, மறுப்புக் கடிதம், வீடியோ ஆகியவையே உங்கள் பலம்.

கேள்வி: என் லேப்டாப்புக்கு ஐந்து வயது. இதே பிரச்சினைதான், வாரண்டி இல்லை. புதிது வாங்கிவிடலாமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கேமராவுக்காக மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம். யூ.எஸ்.பி.யில் செருகும் வெப்கேமரா ஒன்று போதும். 1920×1080 தெளிவுள்ளதாகப் பாருங்கள். பல பழைய லேப்டாப்களின் கேமரா 1280×720 தான், ஆகவே முன்பைவிட முகம் தெளிவாகவே தெரியும். ஆண்ட்ராய்டு 14 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புள்ள சில போன்களைக் கேபிளில் இணைத்தால் அவையே வெப்கேமராவாக இயங்கும். வாங்குவதற்கு முன் உங்கள் போனில் அந்த வசதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திரை சாயும்போது கேமராவோடு படமும் மினுங்கினால் மட்டும் தாமதிக்காமல் கீலைக் காட்டுங்கள். திரைக்குப் போகும் கம்பியும் அதே வழியாகத்தான் செல்கிறது.