காலியான கடலையும் எழுதி வையுங்கள்: கடற்பறவைக் கணக்கெடுப்பு பற்றிய கேள்வி பதில்

கப்பலில் நின்று கடற்பறவைகளை எண்ணுவதும், அந்த எண்களை வைத்துப் பரவல் வரைபடம் போடுவதும்தான் என் வேலை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

செல்வி: பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டும் காலனிக்குப் போய்க் கூடுகளை எண்ணினால் போதாதா சார்? கடலுக்குள் ஏன் போக வேண்டும்?

கூடுகளை எண்ணினால் அந்த வருடம் முட்டையிட்ட ஜோடிகள் எத்தனை என்று தெரியும். வாண்டரிங் ஆல்பட்ராஸ் முதல் முட்டை இடவே 10 வயது போல ஆகிவிடும். அதுவரை அது எந்தக் கூட்டுக் கணக்கிலும் வராது, கடலில்தான் இருக்கும். பறவைகள் எங்கே இரை தேடுகின்றன என்பதையும் கூடு சொல்லாது.

காலனியில் எண்ணுவதும் அப்படி ஒன்றும் சுலபமில்லை. ஸ்டார்ம் பெட்ரல் மாதிரி வளைக்குள் அடைகாக்கும் பறவைகளுக்கு, பதிவு செய்த குரலை வளை வாசலில் ஒலிக்க விட்டு, பதில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்கள். உள்ளே இருக்கிற எல்லாப் பறவையும் பதில் சொல்லாது. எத்தனை பங்கு பதில் தருகிறது என்று தனியாக அளந்து, கணக்கைத் திருத்த வேண்டும்.

பிரபு: கப்பலில் எப்படி எண்ணுவீர்கள்?

ஐரோப்பியக் கடல்களில் பரவலாக உள்ள முறையைச் சொல்கிறேன். கப்பலின் ஒரு பக்கத்தில் 300 மீட்டர் அகலப் பட்டை. நீரில் உட்கார்ந்திருக்கும் பறவையை, அது 0–50, 50–100, 100–200, 200–300 மீட்டர் என எந்தத் தூரப் பட்டைக்குள் இருக்கிறது என்று குறித்துவிடுவோம்.

பறக்கும் பறவைதான் வம்பு. அது கப்பலைவிட வேகமாகப் போகும். குறுக்கே போவதை எல்லாம் தொடர்ந்து எண்ணினால், தெரு முனையில் ஒரு மணி நேரம் நின்று, கடந்த வண்டிகளை எல்லாம் கூட்டி, ‘இத்தனை வண்டி இந்தத் தெருவில் நிற்கிறது’ என்று சொன்ன கதையாகிவிடும். அதனால் போட்டோ எடுப்பது போல, குறிப்பிட்ட நொடியில் பட்டைக்குள் பறப்பதை மட்டும் எண்ணுகிறோம். 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் கப்பல் நிமிடத்துக்குச் சுமார் 300 மீட்டர் போகும். ஆகவே நிமிடத்துக்கு ஒரு முறை, முன்னால் உள்ள அடுத்த 300 மீட்டரை எண்ணினால் கணக்கு சரியாகப் பொருந்தும்.

பிரபு (மறுபடியும்): தூரத்தில் இருப்பது கண்ணில் படாமல் போகுமே?

போகும். அதற்குத்தான் அந்தத் தூரப் பட்டைகள். தூரம் கூடக் கூட எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்று பார்த்து, விட்டுப்போனதை மதிப்பிடுகிறோம். கப்பல் போகும் கோட்டிலேயே இருக்கிற பறவை தப்பாது என்பது இதன் அடிப்படை அனுமானம். கடல் அதற்கு ஒத்துழைக்காது! முங்கிக் கிடக்கும் பறவை தெரியாது. ரெட் த்ரோட்டட் டைவர் கப்பல் நெருங்கும் முன்பே எழுந்து ஓடிவிடும். ஃபுல்மரோ கப்பலுக்குப் பின்னாலேயே சுற்றும், அதையே திரும்பத் திரும்ப எண்ணிவிடுவோம். விமானத்தில் உயரத்திலிருந்து கேமராவில் பதிவு செய்தால் விரட்டுவதும் ஈர்ப்பதும் குறையும். முங்கியது அதிலும் தெரியாது.

ஒரு ஆய்வு மாணவர்: என் தரவில் பெரும்பாலும் பூஜ்யம்தான். அவற்றை நீக்கிவிட்டு, பறவைகளின் பரவலைக் கணிக்கும் புள்ளியியல் மாடலை ஓட்டலாமா?

தம்பி, கூடவே கூடாது. அந்தப் பூஜ்யங்கள்தான் உங்கள் சொத்து. நீக்கிவிட்டால் கடல் முழுக்கப் பறவை என்று மாடல் நம்பிவிடும். கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாக இரையைச் சுற்றி மொய்க்கும், மற்ற இடம் வெறிச்சோடிக் கிடக்கும். ஆகவே நிறையப் பூஜ்யமும் நடுவில் ஒரு 800-உம் வருவது இயல்பு. எண்ணிக்கைகளுக்கு வழக்கமாகப் போடும் பாய்சான் என்ற புள்ளியியல் வாய்பாடு அதைத் தாங்காது. இவ்வளவு ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் நெகட்டிவ் பைனாமியல் அல்லது ட்வீடி வாய்பாட்டைப் போட்டுப் பாருங்கள். ஆனால் அலை உயர்ந்து எதுவுமே தெரியாத நாளின் பூஜ்யம் வேறு ரகம். கடல் நிலையைப் பதிவு செய்திருந்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

இன்னொன்று. மாடலைச் சோதிக்கும்போது ஒரே நாளில் கப்பல் போன பாதையின் துண்டுகளைக் கலைத்து, மாடலுக்குச் சிலவும் சோதனைக்குச் சிலவுமாகப் பிரிக்காதீர்கள். பக்கத்துத் துண்டுகள் ஒன்றுபோலவே இருக்கும், மாடல் ரொம்ப நன்றாக இருப்பதாகத் தோன்றும். முழுப் பயணம் ஒன்றை அப்படியே ஒதுக்கி வைத்துச் சோதியுங்கள்.

மீனா: பறவையின் உடலில் ஜிபிஎஸ் கருவி கட்டினால் இதெல்லாம் தேவையா?

தேவைதான். ஒரு காலனியில் கட்டிய கருவி அந்தக் காலனியின் கதையைத்தான் சொல்லும். கேனட் என்ற கடற்பறவையின் அக்கம்பக்கத்துக் காலனிகள் பெரும்பாலும் தனித்தனிக் கடல் பகுதிகளில் இரை தேடுவதை 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வெளிச்சத்தை வைத்து இடம் கணிக்கும் சின்னக் கருவி என்றால், பிழையே சுமார் 200 கிலோமீட்டர் வரும். ஆர்க்டிக் ஆலா வருடத்துக்கு 70,000 கிலோமீட்டர் சுற்றுகிறது என்று கண்டுபிடிக்க அது போதும். ஒரு காற்றாலைப் பண்ணையை எங்கே வைப்பது என்று முடிவு செய்யப் போதாது.

ரவி: செயற்கைக்கோள்?

பெங்குயினுக்குக் கைகொடுக்கும், எச்சத்தின் கறை மேலிருந்தே தெரியும். அண்டார்க்டிக்காவின் டேஞ்சர் தீவுகளில் 7.5 லட்சம் ஜோடி அடேலி பெங்குயின்கள் இருப்பது 2018-இல் வெளியானதே, அதற்கு முதல் துப்பு இப்படித்தான் கிடைத்தது. அப்புறம் நேரில் போய்த்தான் எண்ணினார்கள்.

லதா: படகுப் பயணங்களில் பார்த்த பறவைகளின் பட்டியல் என்னிடம் நிறைய இருக்கிறது. உதவுமா?

எந்த இனம் எங்கே தென்பட்டது என்பதற்கு உதவும். அடர்த்தி கணக்கிட உதவாது, எவ்வளவு நேரம் எங்கே தேடினீர்கள் என்று அதில் இல்லையே. அடுத்த பயணத்தில் போன் ஜிபிஎஸ் தடத்தை ஓட விடுங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், அலை, பார்த்த பக்கம் எல்லாம் குறியுங்கள். டீ குடிக்க உள்ளே போனால் அதையும்.