கம்பெனி போன்களில் அப்டேட் வரும் நேரத்தை நம் கையில் வைத்துக்கொள்வது எப்படி?

விற்பனைப் பிரதிநிதிகளிடம் இருக்கும் 60 ஆண்ட்ராய்டு போன்கள் பட்டப்பகலில் தாமாக ரீபூட் ஆகின்றன, கம்பெனி போன்களை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் இன்ட்யூனில் எதை வைத்தால் இது நிற்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த செட்டிங் என்று மட்டும் சொன்னால் நான்கு வரியில் முடிந்துவிடும். அந்த நான்கு வரியை நம்பித்தான் நான் மாட்டிக்கொண்டேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு டெலிவரி கம்பெனியில் ஐடி வேலை. டிரைவர்களிடம் 85 போன், கிடங்கில் ஷிப்டுக்கு ஷிப்ட் கை மாறும் 30 ஸ்கேனர். எல்லாமே கம்பெனி வாங்கியவை, கம்பெனியின் முழு நிர்வாகத்தில் (ஃபுல்லி மேனேஜ்டு) இருப்பவை. உங்கள் 60 போனும் அப்படித்தானா என்று முதலில் பாருங்கள். ஊழியரின் சொந்த போனில் ஒர்க் ப்ரொஃபைல் (வேலை ஆப்களுக்கான தனிப் பகுதி) மட்டும் போட்டிருந்தால், அப்டேட் நேரத்தை நீங்கள் தொட முடியாது. இந்தத் தேதியின் பாதுகாப்பு பேட்சாவது (ஓட்டை அடைக்கும் அப்டேட்) இருந்தால்தான் கம்பெனி மெயில் திறக்கும் என்று நிபந்தனை வைக்கலாம், அவ்வளவுதான்.

முழு நிர்வாகத்தில் இருந்தால் மூன்று வழி உண்டு. முதலாவது 'ஆட்டோமேட்டிக்': அப்டேட் வந்ததும் யாரையும் கேட்காமல் ஏற்றிவிடும். உங்கள் போன்களில் இப்போது இருப்பது அநேகமாக இதுதான். இரண்டாவது தள்ளிப்போடுவது. ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அதிகபட்சம் 30 நாள். அது முடிந்தால் அதே அப்டேட்டை மறுபடி தள்ள முடியாது. போன் நேராக வைத்திருப்பவரிடமே கேட்கும், அவரும் எங்கோ வாடிக்கையாளர் வாசலில் நின்றுகொண்டு ஓகே கொடுப்பார். மூன்றாவது மெயின்டனன்ஸ் விண்டோ. தினமும் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் மட்டும் ஏற்று என்பது. போனில் இருக்கும் உள்ளூர் நேரப்படிதான் இது ஓடும்.

நானும் விண்டோதான் வைத்தேன். 2023-இல், அதிகாலை 2 முதல் 4 வரை. எல்லோரும் வைக்கும் நேரம்தானே! ஒரு மாதம் சத்தமே இல்லை, வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை, பாதிப் போன்கள் 'அப்டேட் செய்யவா?' என்று கேட்டுக்கொண்டு நின்றன. விண்டோவுக்கும் ஒரு கெடு இருக்கிறது: 30 நாளில் அந்த நேரத்துக்குள் ஏற்ற முடியவில்லை என்றால், அந்த அப்டேட்டுக்கு விண்டோ செல்லாது. கேள்வி ஆளிடம் போய்விடும்.

30 நாளும் ஏன் ஏறவில்லை? டர்பனில் தமிழர் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் ஒரு மூத்த டிரைவரைக் கேட்டேன், நாங்கள் எல்லோரும் பெரியண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அவர் குடும்பம் கரும்புத் தோட்டத்துக்கு வந்து ஐந்து தலைமுறை ஆகிறது, தமிழ் அரைகுறைதான். "தம்பி, ராத்திரி போனை ஆஃப் பண்ணாமல் எப்படித் தூங்குவது?" என்றார். பாதிப் பேர் அப்படித்தான். மீதிப் பேருக்கு மின்வெட்டு. அந்த வருடம் மின்வெட்டு ஆறாம் கட்டம் வரை (கட்டம் ஏற ஏற வெட்டு அதிகம்) போன சமயங்களில் நாளுக்குப் பல தடவை கரண்ட் போகும். கரண்ட் போனால் வைஃபையும் போகும், போனும் சார்ஜ் ஏறாது. இதெல்லாம் கன்சோலில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எங்கே தெரியும்?

அதனால் போன்கள் இரவில் டெப்போவிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். வழிப்பறி பயத்தில் டிரைவர்களும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள். சார்ஜிங் ரேக் வாங்கி, அதற்கு இன்வெர்ட்டர் போட்டு, விண்டோவை இரவு 8 முதல் 11 ஆக்கினேன். அப்போதும் பல நாள் ஏறவில்லை. ரேக் இன்வெர்ட்டரில் இருந்தது, ரவுட்டர் இல்லை! ஒரு எக்ஸ்டென்ஷன் வயரில் தீர்ந்த பிரச்சினைக்கு இரண்டு வாரம் லாக் பதிவுகளைப் படித்தேன்.

அடுத்து, சீசன். எங்களுக்கு அக்டோபரில் தீபாவளிப் பலகாரப் பார்சல், நவம்பரில் பிளாக் ஃபிரைடே, டிசம்பரில் கிறிஸ்துமஸ். அந்த நேரத்தில் அப்டேட்டே வேண்டாம் என்றால் ஃப்ரீஸ் பீரியட் (அப்டேட்டை முழுதாக நிறுத்தி வைக்கும் காலம்) இருக்கிறது, ஆண்ட்ராய்டு 9 முதல். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 90 நாள், இரண்டு ஃப்ரீஸுக்கு நடுவில் குறைந்தது 60 நாள் இடைவெளி. வருடா வருடம் அதே தேதியில் தானாக வரும். நான் அக்டோபர் 10 முதல் ஜனவரி 7 வரை வைத்திருக்கிறேன், கச்சிதமாக 90 நாள். அடுத்ததை மார்ச் 9-க்கு முன் தொடங்க முடியாது. ஈஸ்டருக்கு அது போதும். புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் பாதி டர்பன் போய்விடும், அன்று டிஸ்பாட்ச் அக்கா தனியாளாக உட்கார்ந்திருப்பார், போனும் மக்கர் பண்ணினால் பாவம்.

ஃப்ரீஸில் ஒரு ஆபத்து உண்டு. பாதுகாப்பு பேட்சும் சேர்ந்து நிற்கும், ஆளே செட்டிங்ஸில் போய்த் தேடினாலும் வராது. அதனால் செப்டம்பர் கடைசிக்குள் 115 கருவியும் புது பேட்சில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவேன். ஒரு விஷயம், இது ஆப்களை நிறுத்தாது. பிளே ஸ்டோர் அப்டேட்டுக்குத் தனி செட்டிங்.

மேனேஜர்களிடம் சில ஐபோன்கள். சூப்பர்வைஸ்டு (கம்பெனி கட்டுப்பாட்டில் பதிவானது) என்றால் அப்டேட்டை 90 நாள் வரை மறைத்து வைக்கலாம். ஐஓஎஸ் 17 முதல் இன்ன பதிப்பு இன்ன தேதி, இன்ன மணிக்குள் என்று கெடுவும் வைக்கலாம், போனே நினைவூட்டிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டை விட இது நிம்மதி.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிரதிநிதிகள் போனை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன், ரேக் யோசனை உங்களுக்கு உதவாது. இரவு 9 முதல் 11 வரை வைத்துப் பாருங்கள், சாப்பிட்டுவிட்டு போனைச் சார்ஜில் போடும் நேரம். அதற்கு முன் பத்துப் பேரைக் கூப்பிட்டு, போனை எப்போது சார்ஜில் போடுகிறார்கள், எப்போது ஆஃப் செய்கிறார்கள், வீட்டில் வைஃபை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பத்தில் நான்கு பேர் வேறு நேரம் சொன்னால் அவர்களைத் தனிக் குழுவாகப் பிரித்து அவர்களுக்கு வேறு விண்டோ கொடுங்கள். இன்ட்யூனில் அதற்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது.